கேட்க ஆளில்லாமல் பச்சை காட்டிய பொத்தான்

அக்காவைக் கைப்பிடித்த நாளிலிருந்து என்னை ஒரு தரம்கூட "டேய்" என்று கூப்பிடாத என் அன்பு அத்தானுக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும். அச்சகக்காரர் மூன்று தரம் போன் எடுத்துவிட்டார். தேவாரம் வந்துவிட்டதாம், உங்கள் படம் வந்துவிட்டதாம், என்னுடைய இரண்டு பக்கம்தான் பாக்கியாம். "அத்தானைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுது, உனக்குத்தானே எழுத வரும்" என்று அக்கா என்னிடம் விட்டிருந்தார்.

நல்ல வார்த்தை எனக்குத் தெரியாததில்லை. சாம்பல்தீவுக் கரையில் உங்கள் மீனை நான் வாங்கிய இத்தனை வருடத்தில், நல்லதை மேலே பரப்பி நைந்ததை அடியில் வைத்த பெட்டி ஒன்றுகூட உங்கள் படகிலிருந்து இறங்கியதில்லை. ஒரு வியாபாரியின் வாயிலிருந்து இதற்கு மேல் புகழ்ச்சி வராது. அது சொல்லியாயிற்று. மிச்சப் பக்கத்தில் எழுதப்போவது வேறு.

உங்களைக் கொன்றது எஞ்சின் என்கிறார்கள் சிலர். கச்சான் காற்று என்கிறார்கள் சிலர். மற்ற எல்லோரும் தர்சினி செய்த ஆப் என்கிறார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நாலாவதாக ஒன்று இருக்கிறது, அத்தான். அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி வாயைத் திறக்கவில்லை. மற்ற ஆள் நான்.

தர்சினியை உங்களுக்குத் தெரியும். மலரை வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டைபறிச்சான் ஊர்ப் பிள்ளை. கொழும்பில் ஒரு கம்பனியில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்து, தாய்க்குச் சுகமில்லாமல் போனதும் வேலையை விட்டுவிட்டு வந்து, டவுனில் ஒரு அறை எடுத்து ஹோட்டல்காரருக்கு வேலை செய்துகொண்டிருந்தவள். துறைமுகத்தடியில் இருக்கிற என் ஐஸ் கடைக்கு அவளைக் கூப்பிட்டது நான்தான். படகுக்காரர் கடலில் நின்றபடியே போனில் ஐஸ் கேட்க வேண்டும், என்ன மீன் வருகிறது என்று சொல்ல வேண்டும், ஆபத்தென்றால் அமத்த ஒரு சிவப்புப் பொத்தான் வேண்டும், எல்லாம் என் கடைத் திரையில் விழ வேண்டும் என்று சொன்னேன். சைக்கிளில் ஐஸ் கட்டி இழுத்துத் தொடங்கியவன் நான். மற்ற ஐஸ் கடைக்காரருக்கு இல்லாத ஒன்று என்னிடம் இருக்க வேண்டுமென்ற ஆசை.

அவள் வந்து கடதாசியில் பெட்டி பெட்டியாகக் கீறிக் காட்டிய அன்று நீங்களும் கடையில் இருந்தீர்கள்.

"அண்ணை, திரையில தெரியிற ஒவ்வொண்டும் தனித்தனி ஆள். இந்தப் பொத்தானுக்கு அந்தப் பட்டியலைத் தெரியாது. பட்டியலுக்குப் பொத்தானைத் தெரியாது."

"தெரியாட்டி எப்பிடி வேலை நடக்கும்?"

"பொத்தான் ஒரு சத்தம் போடும். என்னை அமத்திப்போட்டினம் எண்டு. அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கு எண்டு காது குடுத்துக்கொண்டு இருக்கிற ஆள் எழும்பி வேலையைச் செய்யும்."

"காது குடுக்க ஆள் இல்லாட்டி?"

"ஒண்டும் நடக்காது. பிழை எண்டும் காட்டாது. பொத்தான் தன்ர வேலையைச் செய்துபோட்டுது தானே."

நீங்கள் கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னீர்கள்: "இது எங்கட வீட்டிலயும் இருக்குப் பிள்ளை. நான் தேத்தண்ணி, தேத்தண்ணி எண்டு சத்தம் போடுறனான். காது குடுக்க ஒருத்தரும் இல்லை. பிழை எண்டும் காட்டிறேல்லை." அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பேனை விழுந்துவிட்டது.

பிறகு அவள் இன்னொன்று சொன்னாள். ஒரு பெட்டி பக்கத்துப் பெட்டியிடம் நேரே கதைக்காதாம். தன்னை வைத்திருக்கிற மேல் பெட்டிக்குச் சொல்லுமாம். அதுதான் யார் யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களுக்குக் கீழே இறக்குமாம். எனக்கு உடனே விளங்கியது. என் கடையும் அப்படித்தான். ஐஸ் உடைக்கிறவர் லொறிச் சாரதியோடு கதைப்பதில்லை. என்னிடம் சொல்வார், நான் சாரதியிடம் சொல்வேன். இவ்வளவுதானா சங்கதி என்று நினைத்தேன். விளங்கிவிட்டது என்று நான் நினைத்ததில் தொடங்கியதுதான் எல்லாம்.

முதலில் அவள் செய்து தந்தது ஒழுங்கான சாமான். படகில் பொத்தானை அமத்தினால் அது மஞ்சளாகும். கடையில் மணி அடிக்கும். கடையில் ஒரு மனிதன் திரையைத் தொட்டு "கண்டேன்" என்று சொன்ன பிறகுதான் படகில் பச்சை வரும். படகுக்காரருக்கு அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமையில்லை. ஒரு ஐஸுக்கு ஐந்து தரம் அமத்தினார்கள். நாங்கள் ஐந்து ஐஸ் உடைத்து வைத்தோம். நாலு கரைந்து ஓடியது.

அமத்திய உடனேயே பச்சை காட்டு என்று சொன்னது நான்.

"பச்சை எண்டா கரையில ஒரு மனுசன் கேட்டிட்டான் எண்டு அர்த்தம் அண்ணை. கேக்க முதல் பச்சை காட்டினா அது பொய்."

"பொய்யில்லைப் பிள்ளை. கொஞ்சம் முந்திச் சொல்லுறம். கடையில எப்பவும் ஆள் இருக்குத் தானே."

"அப்ப ஐஸுக்கு மட்டும் மாத்துறன். சிவப்பை விடுவம்."

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும். ரெண்டு விதமா இருந்தா எங்கட ஆக்கள் குழம்பிப்போவினம்."

கடைக்காரன் நான், காசு கொடுப்பவன் நான். அவள் மாற்றிவிட்டாள்.

இரண்டாவது, சிவப்புப் பெட்டி. கடைத் திரையில் மூன்றிலொரு பங்கை அது பிடித்துக்கொண்டு நின்றது. ஈரச் சட்டைப் பைக்குள் போன் தானாக அமத்துப்பட்டு, நாளுக்கு இரண்டு மூன்று தரம் மணி அடிக்கும். ஒவ்வொரு தரமும் எடுத்துக் கேட்டால், "சும்மா பட்டுட்டுது அண்ணை" என்பார்கள். வெளியூரிலிருந்து மீன் எடுக்க வருகிறவர்கள் முன்னால் நிற்கும்போது அந்த மணி அடிப்பது எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த இடத்தில் லொறிப் பட்டியல் வர வேண்டும், சிவப்பைக் கழட்டு என்றேன்.

"கழட்டினா சிவப்புப் பொத்தானுக்குக் காது இல்லை அண்ணை. படகில அமத்தினா பச்சை மட்டும் காட்டும்."

"அப்ப படகில இருக்கிற பொத்தானையும் எடு."

"எல்லாற்ற போனிலயும் புதுசு ஏத்தி முடிக்க ஒரு கிழமையாவது வேணும். எனக்கு ரெண்டு நாள் தாங்கோ. எல்லாத்துக்கும் மேல ஒரு காது வைக்கிறன். ஒருத்தரும் எடுக்காத சத்தம் எதுவா இருந்தாலும் உங்கட போனுக்கு வரும்."

"பிள்ளை, அதை ஆக்கள் அமத்திறேல்லை. சட்டைப் பைதான் அமத்துது. இப்ப நல்லா மீன் படுற காலம். மேல காது வைக்கிறதைப் பிறகு பாப்பம்."

அன்று பின்னேரமே அவள் கழட்டினாள். கழட்டிவிட்டு என் போனுக்கு எழுத்தில் ஒரு மெசேஜ் போட்டாள்: "சிவப்புக்கு இப்ப காது இல்லை. படகுக்காரர் எல்லாருக்கும் இண்டைக்கே சொல்லிப்போடுங்கோ." நான் அதைத் திறந்து வாசித்தேன். வாசித்தேன் என்று அவளுக்கு நீலச் சரிக் குறியும் விழுந்திருக்கும்.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, அத்தான்.

மறந்துபோனேன் என்று எழுதினால் வாசிக்கிறவர்கள் மன்னித்துவிடுவார்கள். மறக்கவில்லை. சிவப்பு வேலை செய்யாது என்று சொன்னால், இந்த ஆப்பில் வேறென்ன வேலை செய்யாது என்று கேட்பார்கள். கேட்டுக்கொண்டே பக்கத்து ஐஸ் கடைக்குப் போய்விடுவார்கள். ஒரு கிழமைதானே, போனில் புதுசு ஏறினால் பொத்தானே இல்லாமல் போய்விடும், பிறகு யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். உங்களுக்காவது தனியாகச் சொல்லியிருக்கலாம். நீங்கள் நல்ல மனிதர், கேட்டவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுவீர்கள். அதனால் உங்களுக்கும் சொல்லவில்லை.

நாலாம் நாள் நீங்கள் அமத்தினீர்கள்.

அதன் பிறகு நடந்ததை உங்களோடு போன ரூபன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சொன்னான். குச்சவெளிக்கு நேரே வெளிக்கடலில் நிற்கும்போது எஞ்சின் நின்றுவிட்டதாம். இரண்டு பேரும் மாறி மாறிக் கயிறு இழுத்துப் பார்த்தீர்களாம். கச்சான் கரையிலிருந்து தள்ளத் தொடங்கிவிட்டது. நீங்கள் போனை எடுத்துச் சிவப்பை அமத்தினீர்கள். பச்சை வந்தது. அதை ரூபனுக்கும் காட்டினீர்கள்.

"மச்சான் கண்டிட்டான். இனிப் பயமில்லை" என்றீர்களாம்.

அந்த நேரம் கூப்பிடு தூரத்தில் குச்சவெளிப் படகு ஒன்று வலை இழுத்துக்கொண்டு நின்றதாம். ரூபன் சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றி வீச எழும்பினானாம். நீங்கள் அவன் கையைப் பிடித்து இறக்கினீர்களாம்.

"விடடா. ஒருத்தனைக் கூப்பிட்டாச்சு. வலை இழுக்கிறவனை ஏன் கெடுப்பான்?"

இது எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரிந்த முறை. கட்டி இழுக்க வருகிறவன் தன் அன்றைய தொழிலை விட்டுவிட்டு வருகிறான். ஒருவனைக் கூப்பிட்டு அவன் வருகிறேன் என்று சொன்ன பிறகு இன்னொருவனுக்குக் கை காட்டினால், முதலில் சொன்னவனை நம்பவில்லை என்று அர்த்தம். கரையில் வருடக்கணக்காகக் கதையில்லாமல் இருக்கிற குடும்பங்களை இதனால் நானே பார்த்திருக்கிறேன். நீங்கள் என்னை நம்பினீர்கள். நான் ஆள் அனுப்பி, அவர்கள் வந்து பார்க்கும்போது நீங்கள் வேறொரு படகின் பின்னால் போய்க்கொண்டிருந்தால் எனக்கு மரியாதைக் குறைவு என்று நினைத்தீர்கள். குச்சவெளிப் படகு வலையை ஏற்றிக்கொண்டு கரைக்குப் போனது. நீங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மத்தியானமாகியும் ஒருவரையும் காணவில்லையென்று எனக்குப் போன் எடுத்தீர்களாம். அதற்குள் காற்று உங்களை வெளியே கொண்டுபோய்விட்டது. லைன் கிடைக்கவில்லை.

நீங்கள் பொத்தானை அமத்திய நேரம் நான் எங்கே இருந்தேன் என்று நினைக்கிறீர்கள்? அந்தத் திரைக்கு முன்னால்தான். சிவப்புப் பெட்டி இருந்த இடத்தில் லொறிப் பட்டியல் வடிவாக விழுந்திருந்தது. மணி அடிக்கவில்லை. முதல் லொறியை நேரத்தோடு அனுப்பிவிட்டேன் என்று சந்தோஷமாகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். உங்கள் சத்தம் என் மூக்குக்கு நேரே வந்து விழுந்து போயிருக்கிறது.

பின்னேரம் அக்கா எடுத்து, "இன்னும் இவரைக் காணேல்லை" என்ற பிறகுதான் படகுகளை அனுப்பினேன். அடுத்த நாள் விடிந்த பிறகு கண்டார்கள். படகு தண்ணீர் ஏறிக் கவிழ்ந்து கிடந்தது. ரூபன் எண்ணெய்க் கானோடு தன்னைக் கட்டியிருந்தான். நீங்கள் விடியுமட்டும் படகைப் பிடித்திருந்தீர்கள் என்றும், பிறகு கை விட்டுவிட்டது என்றும் சொன்னான். உங்களைக் கண்டெடுக்க இன்னும் ஒரு நாள் எடுத்தது.

செத்தவீட்டில் பந்தலுக்குக் கீழே வைத்துச் மீனவர் சங்கச் செயலாளர் என்னிடம் கேட்டார்: "அமத்தினவராம், பச்சையும் வந்ததாமே. ஆர் செய்த சாமான் அது?"

"கட்டைபறிச்சான் பெட்டை ஒருத்தி."

அவ்வளவுதான் சொன்னேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மிச்சத்தைச் சனம் தானே கட்டிக்கொண்டது.

தர்சினியும் உங்களைப் பார்க்க வந்தாள், அத்தான். வாசல் படலையடியில் நின்றாள். "ஆளைக் கொண்டுபோட்டு வந்து நிக்கிறா பார்" என்று ஒரு பொம்பிளை அவளுக்குக் கேட்கும்படி சொன்னார். எனக்கும் கேட்டது. நான் வந்தவர்களுக்குக் கதிரை போட்டுக்கொண்டிருந்தேன். தொடர்ந்தும் போட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது படலையில் ஒருவரும் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு ஹோட்டல்காரர் அவளுக்கு வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அறையை விடச் சொல்லி வீட்டுக்காரர் தவணை சொல்லிவிட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடி அவளைக் கூப்பிட்டு விசாரிக்கப்போகிறது. பொலிசில் முறைப்பாடு கொடுப்பதா என்று அதன் பிறகு முடிவெடுப்பார்களாம். முறைப்பாட்டில் முதல் கையெழுத்து உங்கள் மச்சானுடையதாக இருந்தால் நல்லது என்று என்னிடம் கேட்டும்விட்டார்கள்.

போன கிழமை அவளுடைய அறைக்குப் போனேன். சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கேட்காமலேயே கம்பியூட்டரைத் திறந்து அன்றைய பதிவைக் காட்டினாள். காலை பத்து மணி ஏழு நிமிடம். உங்கள் படகின் பெயர். சிவப்பு.

"வந்து சேந்திருக்கு அண்ணை. பிழை எண்டு ஒரு வரியும் இல்லை. எல்லாம் சரியா நடந்திருக்கு. கேக்க ஆள் மட்டும்தான் இல்லை."

"நான் சொல்லித்தான் கழட்டினனீ எண்டு நீ ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை? அந்த மெசேஜ் உன்னட்ட இருக்குத் தானே?"

"இருக்கு. ஆனா கழட்டின கை என்ரது. ஏலாது எண்டு நான் சொல்லியிருக்கவேணும். உங்கட லொறிப் பட்டியலுக்காக ஒரு மனுசன்ர காதைக் கழட்டினது நான்தான்." பெட்டியை மூடிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "உங்கட பங்கை நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். ஒவ்வொரு நாளும்."

வியாபாரத்தில் எந்தப் பேச்சுக்கும் மறுபேச்சு வைத்திருக்கிறவன் நான். எழும்பி வந்துவிட்டேன்.

உங்களுக்கு இன்னொரு செய்தி. ஒருவரும் கேட்காமல், ஒரு சதம் வாங்காமல், அவள் அந்த ஆப்பைத் திருத்தி வைத்திருக்கிறாள். மனிதன் தொடாமல் பச்சை வராது. எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் காது இருக்கிறது. ஒருவரும் எடுக்காத சத்தம் மூன்று பேரின் போனுக்குப் போகும். எல்லாம் இருக்கிறது. ஆனால் செத்தவீட்டன்றே எங்கள் கரையில் எல்லோரும் அதைப் போனிலிருந்து அழித்துவிட்டார்கள். அமத்த ஆளில்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு, அச்சகத்துக்குக் கொண்டுபோக முதல் நேற்றுக் காலை அக்காவிடம் போனேன். குசினியில் இருந்தார். வாசித்துக் காட்டினேன். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னார்.

"அந்தப் பிள்ளை போட்ட மெசேஜை நீ வாசிச்சனீயா?"

"ஓம் அக்கா."

"வாசிச்சுப்போட்டு என்ன செய்தனீ?"

"லொறி ஏத்தினனான்."

மிச்சத்தைக் கடைசிவரைக்கும் கேட்டார். அழுவார், அடிப்பார், மண்ணள்ளித் திட்டுவார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"அவர் அந்த மனுசனுக்குக் கை காட்டாமல் விட்டது உன்ர மரியாதைக்காக" என்றார்.

"ஓம்."

"இதை அப்பிடியே அடிக்கக் குடு. ஒரு சொல்லும் வெட்டாத."

சரி என்று எழும்பினேன். வாசலுக்கு வந்தபோது பின்னால் இருந்து அவருடைய குரல் கேட்டது. முப்பத்தோராம் நாளுக்குத் தாய்வீட்டுச் சேலை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவன் நான்தானே, கூடப் பிறந்த ஒரே ஒருவன்.

"சேலையை நீ கொண்டு வராத. சித்தப்பாவின்ர மகனிட்டச் சொல்லியிருக்கிறன்."

அக்கா சொன்னது சரி. நீங்கள் இருந்திருந்தால், "விடப்பா, தம்பிதானே" என்று இடையில் வந்திருப்பீர்கள். அப்படி இடையில் வரக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான்.

மன்னியுங்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அத்தான். பதில் சொல்ல முடியாத ஆளிடம் மன்னிப்புக் கேட்பது வசதியான வேலை. நான் தருவது வாக்கு. ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்குத் தர்சினி வர முதல் நான் போய் நிற்பேன். அந்த மெசேஜை என் போனிலிருந்தே எல்லோருக்கும் முன்னால் வாசிப்பேன். எப்போது வாசித்தேன், வாசித்துவிட்டு என்ன செய்தேன் என்றும் சொல்வேன். பொலிசுக்கு எழுதுவதென்றால் முதல் கையெழுத்து என்னுடையதுதான், முறைப்பாடும் எனக்கு எதிராகத்தான். அந்தப் பிள்ளை படலையில் நின்று கேட்ட சொல்லை நான் சபையில் நின்று கேட்பேன்.

இந்த மலர் சனத்தின் கைக்கு வரும்போது அந்தக் கூட்டம் முடிந்திருக்கும். நான் சொன்னபடி செய்யவில்லையென்று யாருக்காவது தெரிந்தால், இந்தப் பக்கத்தைக் கிழித்தெடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். நான் அங்கேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
கடலில் நீங்கள் வழி பார்த்திருந்த
உங்கள் மச்சான்